சிவபாலன் அண்ணை கேட்ட ஒரு மணித்தியாலம்

மொலியின் வாயில் இருந்தது மீன் கட்லட்.

அஜின்கோர்ட்டில் அந்த அடுக்குமாடி வீட்டின் சமையலறை வாசலில், குளிர்ச் சப்பாத்து ஒன்றைக் கழற்றி மற்றதைக் கழற்றாமல், ஒற்றைக் காலில் நின்றபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்குக் கீழே மொலி. கறுப்பு லாப்ரடோர். கண் தெரியாத ஒருவரைப் பெருந்தெரு கடந்து கூட்டிப் போவதற்காகக் குட்டியிலிருந்தே பழக்கி எடுத்த நாய். என்னைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தியது. இவள் எப்படியும் ஏசத்தான் போகிறாள் என்று முடிவெடுத்ததுபோல, அடுத்த கணம் ஒரே விழுங்காக விழுங்கியது.

"அக்கா, நாய்க்குக் கட்லட் குடுத்தனீங்களோ?"

மலர் அக்கா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "நான் குடுக்கேல்லை தங்கச்சி. அது தானா எடுத்தது."

"தானா எடுத்து, ரெண்டாப் பிச்சு, சூடு ஆறட்டும் எண்டு தட்டிலையும் வைச்சதோ?"

கட்லட்டின் மற்றப் பாதி ஒரு சின்னத் தட்டில், நிலத்தில், மொலியின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

முன்னறையிலிருந்து அக்காவின் கணவர் சிவபாலன் அண்ணையின் குரல் வந்தது. "தங்கச்சி, காலமை தோசையும் குடுத்தவள். எனக்குக் கண்தான் தெரியாது. காது நல்லாக் கேக்குது."

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றார் மலர் அக்கா. "அந்தப் பிள்ளை நாள் முழுக்க அந்தக் காய்ஞ்ச கொட்டையளைத் தின்னுது. வாயில்லாச் சீவன்."

எனக்குத் தலை வலிக்கத் தொடங்கியது. சப்பாத்திலிருந்து உருகிய, வீதிக்குப் போடும் உப்புக் கலந்த பனித் தண்ணீர் என் காலுறையை நனைத்துக்கொண்டிருந்தது.

அம்மா சொன்ன உத்தியோகம்

நாய்க் காப்பகத்தில் கூண்டு கழுவிய காலத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதிலிருந்து எனக்குத் தொலைபேசி ஓயவில்லை. ஒருவர் தன்னுடைய நாய் பக்கத்து வீட்டுக்காரரின் பூச்செடியைத் தோண்டுவதாகச் சொன்னார். இன்னொருவர் தன் மகனைப் பற்றிக் கேட்டார். மகன் சொன்ன பேச்சுக் கேட்பதில்லையாம், நான் ஏதாவது வழி சொல்ல முடியுமாம். அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் செய்யும் வேலையை நம் சனத்துக்கு விளங்கப்படுத்துவது நாயைப் பழக்குவதைவிடக் கஷ்டம். ஒரு கலியாண வீட்டில் தூரத்து மாமா ஒருவர், பாயாசக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "நாய் பிடிக்கிற வேலையோ பிள்ளை செய்யிறாய்?" என்று மேசை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். என் அம்மா முந்திக்கொண்டார். "இல்லை அண்ணை, அவள் ஸ்கூலிலை படிப்பிக்கிறாள்."

அது பொய் இல்லை. நாய்களைப் பழக்கி, கண் தெரியாதவர்களோடு சேர்த்து வைக்கும் பள்ளிக்கூடம் அது. யாருக்குப் படிப்பிக்கிறேன் என்பதைத்தான் அம்மா எங்கும் சொல்வதில்லை. பார்க்டேலில் நாங்கள் வந்து இறங்கிய அறையில் ஆறு பேர் படுத்தோம். அந்த அறையிலிருந்து என்னைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவர், மகள் நாயோடு நடக்கிறாள் என்று ஊருக்குச் சொல்ல விரும்பவில்லை. எனக்கு அதில் கோபம் இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது களைப்புத்தான்.

உண்மையில் நாய்களுக்கு நான் படிப்பிப்பது குறைவு. நாய் கெதியாகப் படித்துவிடும். வீதி விளிம்பில் நில் என்றால் நிற்கும். நிலத்தில் கிடக்கும் சாப்பாட்டை விடு என்றால் விடும். படிக்காதது வீடுதான். அந்த வீட்டில் இருக்கும் மனைவி, அக்கா, மச்சாள், பக்கத்து வீட்டு அன்ரி, "கடிக்குமோ?" என்று கேட்டுக்கொண்டே தடவ வருகிறவர்கள், "நாய் உள்ளுக்கை வரேலாது" என்று, வழிகாட்டி நாயை உள்ளே விடவேண்டும் என்ற சட்டம் தெரியாமல் வாசலை மறிக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர்கள். இவர்களுக்குப் பிஸ்கட் கொடுத்துப் பழக்க முடியாது.

இரண்டு பக்கமும் இழுவை

சிவபாலன் அண்ணை பல வருடம் சாமான் ஏற்றும் பெரிய லொறி ஓட்டியவர். பனியில் கியூபெக் வரை போய் வருவாராம். சீனி வருத்தம் முதலில் ஒரு கண்ணை எடுத்தது. மற்றதை மெல்ல மெல்ல எடுத்தது. கடைசியாகப் பார்த்தது என்ன என்று நான் ஒருமுறை கேட்டபோது, "றோட்டுக் கோடு. அதுவும் மங்கலா" என்றார்.

அன்றிலிருந்து மலர் அக்கா தன் வேலையை விட்டுவிட்டு அவருடைய கண்ணாகிவிட்டார். மருந்து, ஊசி, சாப்பாடு, சவரம், நடை எல்லாம் அவர் கைதான். பிள்ளைகள் இருவரும் வேறு நகரங்களில் இருக்கிறார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கி மொலியோடு பழகிய வாரங்களில் அண்ணை அவ்வளவு கெட்டிக்காரராக இருந்தார். லொறி ஓட்டியவருக்கு வீதி தெரியும். கார் வருகிறதா, திரும்புகிறதா, தயங்குகிறதா என்று சத்தத்திலேயே சொல்வார். மொலியின் முதுகில் மாட்டிய ஹார்னஸின் கைப்பிடியை இடக்கையில் பிடித்து, தலையை நிமிர்த்தி அவர் நடந்தபோது, இவருக்கு நான் இனித் தேவையில்லை என்றே நினைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

இடக்கையில் மொலி. வலது முழங்கையில் மலர் அக்கா. அவர் கையை விடமாட்டார். வீதி விளிம்பில் மொலி நிற்கும். அண்ணை காது கொடுத்து, வாகனம் இல்லை என்று தெரிந்தபிறகு, "ஃபோர்வேர்ட்" என்று சொல்லவேண்டும். அதுதான் முறை. ஆனால் அதற்குள் மலர் அக்கா வலப்பக்கத்தால் இழுப்பார். "வாங்கோ, ஒரு காரும் இல்லை. இது ஏன் மாடு மாதிரி நிக்குது?"

"அக்கா, அது நிக்கத்தான் வேணும்."

"நான் பாத்திட்டன்தானே தங்கச்சி. எனக்குக் கண் இருக்கு."

"உங்களுக்கு இருக்கு. அண்ணைக்கு?"

"அவருக்கும் சேர்த்துத்தான் நான் பாக்கிறன்."

சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். கண்டிப்பாகவும் சொன்னேன். ஹார்னஸ் மாட்டியிருக்கும்போது நாயைக் கூப்பிடக் கூடாது, தடவக் கூடாது, அண்ணையைத் தவிர வேறு யாரும் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்றேன். ஒவ்வொரு முறையும் மலர் அக்கா "ஓம் தங்கச்சி, ஓம் தங்கச்சி" என்று தலையாட்டி, எனக்குத் தேநீரும் தந்து அனுப்புவார். நான் லிஃப்டில் இறங்குவதற்குள் மொலிக்கு முறுக்குப் போயிருக்கும்.

நாய்க்கு இரண்டு எசமான் இருந்தால், சாப்பாடு தருபவரைத்தான் அது பார்க்கும். கொஞ்ச நாளில் மொலி அண்ணையோடு நடந்துகொண்டே தலையைத் திருப்பி அக்காவைப் பார்க்கத் தொடங்கியது. பிறகு அக்காவின் கால் போகும் திசையில் தானும் போனது.

நான் நாயைத் திருப்பி எடுத்த நாள்

கட்லட்டுக்குப் பிறகு வந்த வாரம், மூவரோடும் நான் பின்னால் நடந்தேன். பனி உருகி வீதியெல்லாம் சேறு. கடைகள் இருக்கும் பிளாசாவுக்கு எதிரே பெருந்தெரு விளிம்புக்கு வந்தோம். மலர் அக்கா ஒரு காலை வீதியில் வைத்து எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். மொலி நிற்கவில்லை. அக்காவின் காலைப் பார்த்து அதுவும் இறங்கியது. கைப்பிடியோடு அண்ணையும் இறங்கினார்.

வலப்பக்கம் திரும்பிய ஒரு வேனின் ஹோர்ன் காதைக் கிழித்தது. அண்ணையின் ஜக்கெட்டைக் கொலரில் பிடித்து நான் இழுத்ததில் நாங்கள் இருவரும் சேற்றில் விழுந்தோம். மொலி எங்களுக்கு மேலே விழுந்தது. வேன்காரன் கண்ணாடியை இறக்கி எதையோ கத்திவிட்டுப் போனான்.

யாருக்கும் காயமில்லை. ஆனால் எழும்பியபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

"காணும். நாயை நான் கொண்டு போறன்."

மலர் அக்காவின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "கொண்டு போங்கோ. அந்த நாயை நம்பித்தான் இவர் சாகப் பாத்தவர். இவருக்கு நான் இருக்கிறன்தானே."

"அக்கா, நாயிலை பிழையில்லை. நீங்கள்தான்..." நடுத்தெருவில் அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, அண்ணை ஹார்னஸைத் தானே கழற்றி, என் கையில் தந்தார். மொலியின் காதுக்குப் பின்னால் ஒருமுறை சொறிந்துவிட்டார். நான் அதன் சாப்பாட்டுப் பையையும் தட்டையும் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினேன். மொலியைப் பின் இருக்கையில் ஏற்றிவிட்டு, கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கட்டடத்தின் பின்கதவு திறந்தது. சிவபாலன் அண்ணை, வெள்ளைத் தடியைத் தட்டித் தட்டி, தனியாக வந்துகொண்டிருந்தார். ஜக்கெட் இல்லை. வீட்டுச் செருப்பு.

"தங்கச்சி, போயிட்டீங்களோ?"

"இஞ்சை நிக்கிறன் அண்ணை. ஏன் இந்தக் குளிருக்குள்ளை?"

என் குரல் வந்த பக்கம் திரும்பி நின்றார். "நான் ஏன் நாய் கேட்டனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"நடக்கத்தானே."

"நடக்கிறதுக்கு அவள் இருக்கிறாள். வடிவாக் கூட்டிக்கொண்டு போறாள். ஒரு நாள் என்னை விழ விட்டவள் இல்லை." மூச்சு எடுத்தார். "எனக்கு ஒரு மணித்தியாலம் வேணும். அவ்வளவுதான். தனியா. பிளாசாவுக்குப் போய் ஒரு கோப்பி வாங்கி, ஒரு மூலையிலை இருந்து குடிக்க வேணும். சூடோ, சீனி போட்டதோ, ஜக்கெட்டைப் பூட்டுங்கோ எண்டு ஒருத்தரும் கேக்கக் கூடாது. நான் பாத்ரூமிலை இருமினாலும் கதவிலை தட்டுறாள் தங்கச்சி. அவள் இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன். அதுவும் உண்மை. ஆனா எனக்கு மூச்சு முட்டுது."

அவருக்குப் பின்னால், பாதி திறந்த கதவில், மலர் அக்கா நின்றார். கையில் அண்ணையின் ஜக்கெட். வெறுங்காலோடு ஓடி வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

அக்கா நிற்கிறார் என்று அண்ணைக்குச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா? நாய் பழக்கும் படிப்பில் இதற்கு ஒரு பாடமும் இல்லை.

அண்ணை மெல்லிதாகச் சிரித்தார்.

"என்ன யோசிக்கிறீங்கள்? அவள் பின்னாலை நிக்கிறது எனக்குத் தெரியும். அதுதான் சத்தமாச் சொன்னனான். வீட்டுக்குள்ளை சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை."

மலர் அக்கா வந்து ஜக்கெட்டை அவர் தோளில் போட்டார். பொத்தானைப் பூட்டப் போன கை நடுவில் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு, என்னைப் பாராமல், "நாயை இறக்குங்கோ" என்றார்.

திரும்பவும் முதலிலிருந்து

அதற்குப் பிறகு நடந்தது அழகான கதை என்று நினைக்கவேண்டாம். மலர் அக்கா என்னோடு பேசாமல் விட்டார். தேநீரும் நின்றுபோனது. நான் போனால் கதவைத் திறந்துவிட்டு அறைக்குள் போய்விடுவார்.

மொலியைத் திரும்பவும் முதலிலிருந்து பழக்கினோம். ஒரே வீதி விளிம்பு. வா, நில், கேள், போ. திரும்பி வா, நில். அண்ணை சலிக்கவில்லை. எனக்குத்தான் சலித்தது. மொலி முதல் வாரம் முழுக்க வலப்பக்கம் யாரையோ தேடியது. காய்ந்த தீனைக் கண்டால் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. அந்த வீட்டில் எல்லோரும் என்னோடு கோபமாக இருந்தார்கள், நாய் உட்பட.

ஒரு மாற்றத்தை மட்டும் கவனித்தேன். நாங்கள் திரும்பி வரும்போது கதவுக்குப் பக்கத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் துண்டும் இருக்கும். வீதியில் போடும் உப்பு நாயின் பாதத்தைப் புண்ணாக்கும் என்று நான் எப்போதோ சொன்னது. மலர் அக்கா வந்து குந்தி, பாதங்களைக் கழுவித் துடைத்துவிட்டுப் போவார். கையில் தின்பண்டம் ஏதும் இல்லை. நான் பார்த்துக்கொண்டேன்.

வசந்தம் எட்டிப் பார்த்த ஒரு நாள், அண்ணை தனியாகப் போவது என்று முடிவானது. பள்ளிக்கூட வழக்கப்படி நான் தூரத்தில் பின்தொடர்வேன். கிட்டப் போகமாட்டேன், பேசவும் மாட்டேன்.

மலர் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினார்.

"அவர் திரும்பி வருமட்டும் நான் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யவேண்டாம் அக்கா."

"ஒண்டும் செய்யாமல் எப்பிடி இருக்கிறது?" அவர் உண்மையாகவே கேட்டார்.

மொலி அன்று ஒரு பிழையும் விடவில்லை. பெருந்தெருவில் நின்றது. அண்ணை நெடுநேரம் காது கொடுத்து, சமிக்ஞை மாறி, வாகனங்கள் ஓய்ந்தபின்தான் "ஃபோர்வேர்ட்" என்றார். பிளாசாவில் யாரோ தள்ளிவிட்டுப் போன சாமான் வண்டியைச் சுற்றி அவரைக் கூட்டிப் போனது. கோப்பிக் கடைக் கண்ணாடிக்கு வெளியே, குளிரில், திருடன் மாதிரி நான் ஒளித்து நின்றேன். கதவு திறந்து மூடியபோதெல்லாம் உள்ளே நடப்பது கேட்டது.

காசு வாங்கும் இடத்தில் நின்ற தமிழ்ப் பிள்ளை நாயைத் தடவ ஆசைப்பட்டுத் துள்ளினாள். "ஓ மை கோட், அங்கிள், ஸோ கியூட்! கேன் ஐ பெற் ஹேர்?"

"நோ" என்றார் அண்ணை, நெஞ்சை நிமிர்த்தி. "ஷீ இஸ் வேர்க்கிங்."

ஒரு மூலையில் போய் இருந்தார். மொலி காலடியில் படுத்தது. அவர் கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒன்றும் செய்யாமல், வெகுநேரம் இருந்தார். ஜக்கெட் திறந்தே கிடந்தது. இதற்காகவா இவ்வளவு பாடு என்று எனக்கு எரிச்சலும் வந்தது, மூக்கும் அடைத்தது. குளிராக இருக்கலாம்.

பூட்டிய கதவு

திரும்பி வந்து லிஃப்டில் ஏறி, வீட்டுக் கதவுக்கு அண்ணை வந்துவிட்டார். படிக்கட்டால் மூச்சு வாங்க ஏறி, நான் தாழ்வாரத்தின் மறுமுனையில் நின்றேன்.

அவர் மணியை அழுத்தினார். பதில் இல்லை. திரும்ப அழுத்தினார். தட்டினார். கதவு பூட்டியிருந்தது. அவரிடம் திறப்பு இல்லை. இத்தனை காலமும் அவருக்குத் திறப்புத் தேவைப்பட்டதே இல்லை.

கைத்தொலைபேசியை எடுத்து அழைத்தார். உள்ளே மணி அடிப்பது எனக்குக் கேட்டது. அடித்து அடித்து ஓய்ந்தது.

"மலர்! மலர்!"

பேசமாட்டேன் என்ற விதியை மறந்து ஓடினேன். "அண்ணை, நான் வசந்தி. பயப்பிடாதையுங்கோ."

"அவள் பிரஷர்காரி தங்கச்சி. எனக்கு ஊசி போடுறாள், தன்ரை குளிசையைப் போட மறந்திடுவாள்." உள்ளங்கையால் கதவில் அடித்தார். "நான் போயிருக்கக் கூடாது. போயிருக்கவே கூடாது."

கட்டடப் பொறுப்பாளரைக் கூட்டிவரக் கீழே ஓடினேன். அந்த மனிதர் திறப்புக் கொத்தில் சரியான திறப்பைத் தேடிய நேரம் முழுக்க நான் அவரைப் பார்த்துக் கத்தாமல் இருந்தது பெரிய காரியம். கதவு திறந்தது. அண்ணை மொலியின் கைப்பிடியை விட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு முன்னால் போனார்.

முன்னறையில் தொலைக்காட்சி சத்தமாக ஓடியது. சோபாவில், கால் இரண்டும் ஒரு பக்கம் தொங்க, கண்ணாடி மூக்கில் சரிய, மலர் அக்கா கிடந்தார்.

"தங்கச்சி, என்ன? சொல்லுங்கோ. என்ன?"

நான் குனிந்தேன். அதற்குள் அவருக்கே கேட்டுவிட்டது. தொலைக்காட்சிச் சத்தத்துக்கும் மேலால், சீராக, தடித்த ஒரு குறட்டை.

அண்ணை அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் பார்க்கப் போகவில்லை. பொறுப்பாளருக்கு நன்றி சொல்லி அனுப்பினேன்.

மொலி போய் மலர் அக்காவின் தொங்கிய கையை முகர்ந்தது. அக்கா கண்ணைத் திறந்தார். முதலில் நாயைப் பார்த்தார். பிறகு நிலத்தில் இருந்த புருசனை. பிறகு என்னை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நித்திரைக் கலக்கத்தில் எரிச்சலோடு கேட்டார்.

"என்ன, நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"போயிட்டு வந்திட்டனப்பா" என்றார் சிவபாலன் அண்ணை.